பல்லுக்குக் கம்பி போட்டால் கன்னம் ஏன் புண்ணாகிறது?

செரண்டாவில் உங்கள் பிள்ளை பல்லுக்குக் கம்பி போட்டுவந்த இரண்டாம் நாளே, நாசி லெமாக் சம்பல் பட்டதும் அலறுகிறதா? குற்றம் சம்பலுடையது அல்ல.

புதுச் சப்பாத்து குதிகாலைக் கடிக்குமே, அதே கதைதான். கன்னத்தின் உட்தோல் குதிகால் தோலைவிட மிக மென்மையானது, எப்போதும் ஈரம். பேசும்போதும் மெல்லும்போதும் பல்லில் ஒட்டிய பிடிகள் ஒரே இடத்தை உரச, தோல் உரிந்து புண்ணாகிறது. ஓரிரு வாரத்தில் அந்த இடம் பழகிவிடும்.

அதுவரை? பல் மருத்துவர் தரும் மெழுகைச் சிறு பட்டாணியளவு உருட்டி, உறுத்தும் பிடிமேல் அப்புங்கள். முதலில் பிடியை டிஷ்யூவால் துடையுங்கள். எச்சில் ஈரத்தில் மெழுகு ஒட்டாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் பயமில்லை.

வெதுவெதுப்பான ஒரு குவளை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்தால் எரிச்சல் தணியும். கம்பி முனையே குத்துகிறதா? கிளினிக்கில் நறுக்கிவிடச் சொல்லுங்கள்.