தோலில் வெள்ளை கண்டால் அஞ்சலாமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவற்றைப் பயிரிடும் குடியானவர்கள் நாள் முழுதும் வெயிலில் உழைப்பவர்கள். அவர்களது தோலில் நிறம் சற்று மாறுவது இயல்பே. ஆயினும், கையில் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றியதும் நிச்சயித்த திருமணம் நின்றுபோவதும், பிள்ளையைப் பள்ளியில் தனியே உட்கார வைப்பதும் நம் நாட்டில் இன்னும் நிகழ்கின்றன. இத்துன்பத்துக்குக் காரணம் வியாதியன்று, அறியாமையே.

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். சிலருக்கு, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மெலனினை உண்டாக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. அவ்விடம் பால்போல் வெளுக்கிறது. இதுவே வெண்புள்ளி. உலகில் நூற்றுக்கு ஒருவருக்கோ, சற்றுக் குறைவாகவோ இது காணப்படுகிறது. இதற்குக் கிருமி காரணமன்று. ஆகவே, தொட்டாலும், உடன் உண்டாலும் பிறருக்கு ஒட்டாது. முன்னாளில் இதனை 'வெண்குஷ்டம்' என்றனர். குஷ்டத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாமையால், 'வெண்புள்ளிகள்' என்றே வழங்க வேண்டுமெனத் தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

வியர்வை மிகுந்த மார்பிலும் முதுகிலும் படரும் தேமல் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. களிம்பினால் குணமாகும், பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லலாம். கர்ப்பிணிகளின் கன்னத்தில் தோன்றும் மங்கும் தீங்கற்றதே. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுப் புண்ணான இடம், ஆறிய பின்னும் கறுத்திருப்பதுண்டு. இதுவும் நோயன்று.

அங்ஙனமாயின் எதனைக் கவனிக்க வேண்டும்? வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி குன்றியிருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். கண்ணை மூடச் செய்து, பஞ்சின் நுனியால் அவ்விடத்தைத் தொடும்போது தெரிகிறதா என வினவலாம். வெண்புள்ளியில் உணர்ச்சி மாறாது. எனினும், முடிவு கூற வேண்டியவர் மருத்துவரே. தொழுநோயாயினும் கலங்க வேண்டுவதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் உண்டால் குணம் உறுதி. மறைத்துக் காலம் கடத்தினாலோ கைகால்கள் ஊனமாகக் கூடும்.

வெண்புள்ளிக்கும் சிகிச்சை உண்டு. ஆனால், கார்போக அரிசியைத் தாமே அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது கூடாது, தோல் கொப்புளித்துவிடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: இவ்வுண்மைகளைக் கிராம சபையில் எடுத்துரையுங்கள். நிறம் மாறியதற்காக எவரையும் விழாவிலிருந்தோ, வேலையிலிருந்தோ, பந்தியிலிருந்தோ ஒதுக்க இடமளியாதீர்கள். ஐயமுள்ளவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பதும் கிராமப் பணியே ஆகும்.