நான்கு கோர் போட்டால் நான்கு மடங்கு வேகம் வருமா?

சில வருஷங்களுக்கு முன் பொழுதுபோக்காக ஒரு செஸ் ப்ரோக்ராம் எழுதினேன். ஒரே கோரில் ஓரளவு நன்றாகவே ஆடியது. கணினியில்தான் நான்கு கோர் இருக்கிறதே என்று அதை நான்கிலும் ஓட விட்டேன். நொடிக்கு அலசும் நிலைகள் கிட்டத்தட்ட நான்கு மடங்காயின. ஆனால் அதே ஆழத்தை எட்டும் நேரம் பாதியாகக்கூடக் குறையவில்லை. மிச்ச உழைப்பெல்லாம் எங்கே போச்சு?

விடை ஆல்ஃபா-பீட்டா முறையில் இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் 35 நகர்த்தல்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மும்மூன்று முறை ஆடினால், கடைசியில் 183 கோடிக்கு மேல் நிலைகள் வரும். சிறந்த நகர்த்தலையே எப்போதும் முதலில் பார்த்தால் ஆல்ஃபா-பீட்டாவுக்குச் சுமார் 86 ஆயிரம் போதும். 1975இல் க்னூத்தும் மூரும் இந்தக் கணக்கை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள்.

எப்படி இவ்வளவு மிச்சமாகிறது? என் முதல் நகர்த்தலை அலசியதில் ஆட்டம் சமம் என்று தெரிந்துவிட்டது. இரண்டாவதை ஆடினால் எதிராளி சும்மாவே என் ராணியை அடித்துவிடுகிறார். அது போதும், அவருடைய மற்ற 34 பதில்களைப் பார்க்க வேண்டாம். ஆனால் 'சமம்' என்ற முதல் விடை கையில் இருந்தால்தான் இப்படி வெட்ட முடியும். நான்கு கோரும் நான்கு நகர்த்தல்களை ஒன்றாக ஆரம்பித்தால், அந்த விடை யாரிடமும் இருக்காது. வெட்டியிருக்க வேண்டியதையெல்லாம் மாங்கு மாங்கென்று அலசும். என் ப்ரோக்ராம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஜெர்மனியின் பாடர்போர்னில் உருவான ட்சுக்ஸ்வாங் ப்ரோக்ராம் இதற்கு ஒரு வழி சொன்னது: மூத்தவன் முடிக்கும்வரை தம்பிகள் காத்திருக்கட்டும். அதாவது முதல் நகர்த்தலின் விடை வந்த பிறகே மற்றவற்றைப் பங்கு போட வேண்டும். வீண்வேலை குறையும். ஆனால் கோர்கள் கைகட்டி நிற்கும் நேரம் கூடும்.

2016இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 7 இந்த முறையை விட்டுவிட்டு 'லேஸி எஸ்எம்பி'க்கு மாறியது. இதில் வேலையைப் பங்கு போடுவதே இல்லை. எல்லா த்ரெட்டும் ஒரே நிலையைத் தனித்தனியாக அலசும், ஹேஷ் டேபிளை மட்டும் பகிர்ந்துகொள்ளும். ஒன்று எழுதிவைத்த விடையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நானும் மாற்றினேன். வரிகள் குறைந்தன, ஆட்டமும் பலப்பட்டது. ஆனால் ஒரே நிலையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விடை வருகிறது. எந்த த்ரெட் எப்போது எழுதும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறதே. நேற்று வந்த பிழை இன்று வராது. அதனால் ஒற்றை கோரில் ஓடும் வசதியை எடுக்கவே இல்லை. எந்த மாற்றமானாலும் முதல் சோதனை அதில்தான்.