பாபிலோன் ஆடும் பெங்களூர் மகரமும்

சங்கராந்தி மாலையில் கவிபுரம் குகைக் கோயிலுக்குள் வருவது சூரியன் மட்டுமல்ல. மெசபடோமியாவின் பழைய தெய்வம் ஒன்றும் பெயரை மாற்றிக்கொண்டு கூடவே வருகிறது.

பெங்களூர் பசவனகுடியை ஒட்டிய கவிபுரத்தில் மகர சங்கராந்தியன்று மாலை ஐந்து மணி ஆகும்போது கூட்டம் தெருவரை நிற்கும். பாறையைக் குடைந்த கங்காதரேசுவரர் குகைக் கோயிலுக்குள் போக முடிந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்களுக்குத் தொலைக்காட்சி நேரலைதான் தரிசனம். மேற்குப் பக்கத் திறப்பு வழியாக நுழையும் வெயில், நந்தியின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழுகிறது. சில நிமிடங்கள்தான். அதற்குள் மணியோசை, பாலபிஷேகம், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் சிவநாமம். 2021இல் மேகம் மூடிவிட்டதால் வெயில் வரவில்லை. நாட்டுக்கு என்ன ஆகுமோ என்று அன்றிரவே விவாதம் தொடங்கிவிட்டது.

பெங்களூரை உருவாக்கிய கெம்பே கவுடாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில் இது. முற்றத்தில் சூரியபானம், சந்திரபானம் என்று இரண்டு பெரிய கல் வட்டுகள் தூண்களின் மேல் நிற்கின்றன. வானத்தைப் பார்த்தே கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம். சிவன் இங்கே கங்கையைத் தாங்கியவர். கங்கையின் வாகனம் மகரம். சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாளில் கங்காதரனுக்கு ஒளி அபிஷேகம் என்பது நன்றாகப் பொருந்திப் போகிறது.

ஆனால் மகரம் என்பது என்ன? கேட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஒரு பதில் வரும். முதலை என்பார் ஒருவர். சுறாமீன் என்பார் இன்னொருவர். தை மாதத்துக்குச் சுறவம் என்று தூய தமிழ்ப் பெயர் வைத்தது அந்தக் கணக்கில்தான். பேலூரிலும் ஹளேபீடிலும் ஹொய்சாளச் சிற்பிகள் செதுக்கிய மகரத்துக்கோ யானைத் துதிக்கை, முதலை வாய், மயில் தோகை எல்லாம் உண்டு. ராசியைப் பற்றி வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதியது இன்னும் விசித்திரம்: மான் முகம் கொண்ட மகரமாம் அது. நீரில் வாழும் பிராணிக்கு மான் முகம் எங்கிருந்து வந்தது?

பதில் யூப்ரடீஸ் நதிக்கரையில் இருக்கிறது. அங்கே வரைந்தது மான் அல்ல, ஆடு. முன்பாதி ஆடு, பின்பாதி மீன். பாபிலோனியர் இதை சுகுர்மாஷு என்றார்கள். ஏயா என்ற கடவுளின் சின்னம் இது. சுமேரியர் அவரையே என்கி என்று அழைத்தனர். பூமிக்கு அடியில் உள்ள நன்னீர்க் கடலான அப்ஸு அவரது வீடு. எரிது நகரம் அவரது தலம். அறிவுக்கும் மந்திரத்துக்கும் கைவினைக்கும் அவரே அதிபதி. மன்னர்கள் நிலம் வழங்கியதைப் பதிந்த எல்லைக் கற்களில், மற்ற தெய்வங்களின் சின்னங்களுக்கு நடுவே இந்த ஆட்டு மீனைப் பார்க்கலாம். நம் ஊர் நிலதானக் கல்வெட்டுகளில் சூரியனையும் சந்திரனையும் சாட்சிக்கு வைப்பது போல.

மெசபடோமியக் கடவுள்களில் மனிதனுக்கு நெருக்கமானவர் ஏயாதான். மனிதர்கள் போடும் இரைச்சலில் தூக்கம் கெட்டு, என்லில் என்ற தலைமைக் கடவுள் பெருவெள்ளத்தால் அவர்களை அழிக்கத் தீர்மானிக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை என்று மற்ற கடவுள்களும் சத்தியம் செய்கிறார்கள். ஏயா சத்தியத்தை மீறவில்லை. ஒரு நாணல் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் காதில் அது விழுகிறது. வீட்டைப் பிரித்துப் படகு கட்டிப் பிழைக்கிறான். கில்காமேஷ் காவியத்தின் பதினோராவது களிமண் பலகையில் உள்ள இந்தக் கதையை ஜார்ஜ் ஸ்மித் 1872இல் லண்டனில் படித்துக் காட்டியபோது, பைபிளின் நோவா கதைக்கு முன்னோடி கிடைத்துவிட்டது என்று ஐரோப்பா அதிர்ந்தது. நமக்கோ மனுவும் அவனைக் காத்த மீனும் நினைவுக்கு வரும். சதபத பிராமணத்தில் உள்ள அந்தக் கதைக்கும் இதற்கும் உறவு உண்டா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பாபிலோனின் பூசாரி பெரோசஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய வரலாற்றில் ஓவன்னஸ் என்ற மீன் மனிதன் வருகிறான். கடலிலிருந்து ஏறி வந்து எழுத்தும் நகர் கட்டும் கலையும் கற்றுக்கொடுத்து, மாலையில் கடலுக்கே திரும்பிவிடுகிறான். அந்தக் கடல் நம்முடையது, வந்தவன் குமரிக்கண்டத்தான் என்று சொல்லும் உற்சாகிகள் தமிழ்நாட்டில் உண்டு. ஆதாரம் கேட்டால்தான் சிக்கல்.

ஏயாவின் ஆட்டு மீன் வானத்துக்குப் போனது பூசாரிகளின் வேலை. கி.மு. முதலாயிரத்தின் தொடக்கத்தில் உருவான முல் அபின் என்ற நட்சத்திரப் பட்டியலில், சந்திரன் செல்லும் பாதையில் அது இடம்பெற்றுவிட்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அந்தப் பாதையைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்தார்கள். பங்குக்கு 30 பாகை. அவற்றில் ஒன்று ஆட்டு மீனுக்கு. அங்கிருந்து கிரேக்கர் கைக்கும், கிரேக்கர் ஆண்ட எகிப்துக்கும் போனது. எகிப்தில் தெந்தெராவின் ஹாதோர் கோயிலில், ஒசிரிஸ் சன்னதிக் கூரையில் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் செதுக்கிய ராசி வட்டம் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மீன்வால் கொண்ட ஆடு தெளிவாகத் தெரியும்.

எகிப்தியர் அதில் தங்கள் சரக்கையும் சேர்த்தார்கள். இரவில் நேரம் பார்க்க 36 நட்சத்திரத் தெய்வங்கள் அவர்களிடம் இருந்தன. பத்து நாளைக்கு ஒன்று விடியலில் புதிதாக எழும். கி.மு. 2100 வாக்கிலேயே சவப்பெட்டி மூடிகளின் உட்புறம் இந்தப் பட்டியலை எழுதிவைத்தார்கள், இறந்தவனுக்கும் மணி தெரிய வேண்டும் என்று. இவற்றில் முதன்மையானது சோப்தெத், அதாவது சிரியஸ் நட்சத்திரம். ஐசிஸ் தேவியின் வடிவம். எழுபது நாள் கண்ணில் படாமல் இருந்து அது மீண்டும் தெரியும்போது நைல் நதியில் வெள்ளம் வரும். மம்மி செய்யவும் எழுபது நாள். அவள் கணவன் ஒசிரிஸ் இருப்பது ஒரையன் மண்டலத்தில். நம் சிவனின் திருவாதிரையும் அதே மண்டலத்தில்தான். இரண்டும் அழித்தல், மறுபிறப்போடு சம்பந்தப்பட்ட கடவுள்கள் என்று கட்டுரை எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் இது வெறும் தற்செயல். பாலம் எதுவும் கிடையாது.

36 தெய்வங்களுக்குப் பாலம் உண்டு. ராசிக்கு மூன்றாகப் பங்கிட்டுக் கிரேக்க ஜோதிடம் அவர்களை எடுத்துக்கொண்டது. கிரேக்க மொழியில் இருந்தது யவன ஜாதகம் போன்ற நூல்கள் வழியே சமஸ்கிருதத்துக்கு வந்தது. டேவிட் பிங்கிரி 1978இல் பதிப்பித்த அந்த நூலுக்கு அவர் குறித்த காலம் கி.பி. 269-270; பின்னால் பில் மாக் அந்தத் தேதியைக் கேள்விக்குள்ளாக்கினார். இன்று நம் ஜோதிடர் சொல்லும் திரேக்காணம் இதுதான். சொல்லே கிரேக்கம். வராகமிகிரர் 36 பேரின் உருவத்தையும் வர்ணிக்கிறார். முதலாமவன் கோடரி ஏந்திய கறுத்த மனிதன். அவர் எதையும் மறைக்கவும் இல்லை. மகரத்துக்கு ஆகோகேரம் என்ற கிரேக்கப் பெயரையும் தருகிறார். யவனர்கள் மிலேச்சர்கள்தான் என்றாலும் இந்தச் சாஸ்திரத்தில் ரிஷிகளுக்கு நிகரான மரியாதை பெறுகிறார்கள் என்றும் எழுதிவைத்தார்.

கிழமைகளும் இதே கப்பலில் வந்தவைதான். ஏழு கோள்களைப் பாபிலோனியர் ஏழு தெய்வங்களுக்கு ஒதுக்கியிருந்தனர். சூரியன் ஷமாஷ், நீதிக் கடவுள். ஹம்முராபி சட்டம் பொறித்த கல்லில் மன்னன் நிற்பது இவர் முன்னால்தான். சந்திரன் சின், செவ்வாய் போரும் கொள்ளைநோயும் தரும் நெர்கல், புதன் எழுத்தர்களின் தெய்வமான நபு, வியாழன் பாபிலோனின் தலைவர் மர்துக், சனி நினுர்தா. வெள்ளி மட்டும் பெண், காதலுக்கும் போருக்கும் உரிய இஷ்தார். இந்தியா வந்ததும் அவள் ஆணாகி, அசுர குரு சுக்கிராச்சாரியார் ஆகிவிட்டாள்.

இவர்களை எகிப்தின் 24 மணி நேரத்தோடு இணைத்தபோது வாரம் பிறந்தது. தொலைவு வரிசையில் சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று மணிக்கு ஒருவராக எண்ண வேண்டும். சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. 25ஆவது மணி, அதாவது மறுநாளின் முதல் மணி, சூரியனுக்கு வரும், ஆகவே ஞாயிறு. அதிலிருந்து மீண்டும் 24 மணி எண்ணினால் திங்கள். பஞ்சாங்கத்தின் ஹோரை அட்டவணையை எடுத்துப் பார்த்தால் இதே வரிசை இருக்கும். இந்தியாவில் கிழமை குறித்த மிகப் பழைய தேதி மத்தியப் பிரதேசத்தின் ஏரண் கல்வெட்டில், கி.பி. 484இல் கிடைக்கிறது. அதற்கு முன் நமக்குத் திதியும் நட்சத்திரமும்தான்.

இந்த ஹோரை தமிழிலும் ஒரு பழைய சண்டையைக் கிளப்பியது. தொல்காப்பியக் களவியலில் ஓரை என்ற சொல் வருகிறது. அது கிரேக்கத்தின் ஹோரா என்றால் நூலின் காலம் பின்னுக்குத் தள்ளப்படும். வையாபுரிப் பிள்ளை அந்த வழியில் வாதிட்டார். சங்கப் பாடல்களில் ஓரை என்றால் மகளிர் விளையாட்டு, அது தமிழ்ச் சொல்லே என்று எதிர்த்தரப்பு சீறியது. எகிப்தின் ஒரு மணி நேரம் தமிழின் வயதையே தீர்மானிக்கும் அளவுக்குப் போனது.

பெங்களூரில் இந்த விவகாரத்துக்குக் கூடுதல் சூடு உண்டு. பி.வி. ராமன் 1936 முதல் 1998இல் இறக்கும்வரை ஆங்கில ஜோதிடப் பத்திரிகை நடத்தி, இந்து ஜோதிடம் என்ற பெயரை உலகெங்கும் கொண்டுபோனது இந்த ஊரிலிருந்துதான். 1976இல் அற்புதங்களை ஆராயக் குழு அமைத்த பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையாவும் இதே ஊர். ஒரு தரப்புக்கு எல்லாமே வேதத்திலிருந்து வந்தாக வேண்டும். இன்னொரு தரப்புக்கு எல்லாமே இரவல் மூடநம்பிக்கை. ஏயாவின் ஆடு இருவருக்கும் இடைஞ்சல். இரவல் என்று மட்டும் சொல்லவும் முடியாது: ராசிகள் வருவதற்கு முன்பே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பிகாரின் லோமச ரிஷி குகை வாசலில் மகரம் செதுக்கியாகிவிட்டது. வானத்தில் இடம் பாபிலோனுடையது. அதில் குடியேறிய விலங்கு நம்முடையது. ராகுவும் கேதுவும் கிரகப் பதவி பெற்று ஏழை ஒன்பதாக்கியதும் இங்கேதான்.

கவிபுரம் வெயிலுக்கே வருவோம். ஜயந்த் வியாசனகெரே, கே. சுதீஷ், பெங்களூர் நேரு கோளரங்கத்தின் பி.எஸ். ஷைலஜா ஆகியோர் இதை அளந்து 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். 1792இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் வரைந்த படங்களோடு ஒப்பிட்டு, இன்றுள்ள கட்டடங்களில் சில பிற்காலத்தவை என்றும் காட்டினார்கள். சங்கராந்தியும் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள். விவேகானந்தர் பிறந்த 1863இல் அது ஜனவரி 12.

இதே போன்ற காட்சி எகிப்தின் அபு சிம்பெலிலும் உண்டு. பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளில் காலை வெயில் மலைக்குள் நுழைந்து, ரா-ஹோரக்தி, ராம்சேஸ், ஆமுன் ஆகியோரைத் தொடும். பாதாளத் தொடர்புள்ள ப்தா மட்டும் இருட்டிலேயே இருப்பார். ஒன்று மன்னன் பிறந்த நாள், மற்றது முடிசூடிய நாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கல்வெட்டில் அப்படி எதுவும் இல்லை. சூரியன் தெற்கே போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை அதே கோணத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

கவிபுரத்திலும் அப்படியே. டிசம்பர் 21க்கு 24 நாள் பின்னால் சங்கராந்தி. அதே அளவு முன்னால் போனால் நவம்பர் கடைசி வாரம். அந்த நாட்களின் மாலையிலும் அதே வெயில் அதே கொம்புகளுக்கு நடுவே வந்து லிங்கத்தின் மேல் விழுகிறது. அப்போது சூரியன் இருப்பது விருச்சிகத்தில். தெருவில் வரிசையும் இல்லை, கேமராவும் இல்லை.