தோட்டாப் பஞ்சம்

பொதுவாக ஒரு தோட்டாவில் பித்தளைக் கூடு, வெடிமருந்து, ஈயக் குண்டு, பிரைமர் என நான்கு உறுப்புகள் உண்டு. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் முதலில் பற்றிக்கொள்ளும் சிறு மூடிதான் பிரைமர். மிகச் சிறிய இந்த உறுப்புதான் 2020இல் அமெரிக்காவின் பொழுதுபோக்குச் சுடுநர்களைப் பெரிதும் தவிக்கவிட்டது. கொரோனா அச்சம், தெருக் கலவரங்கள், அதிபர் தேர்தல் எல்லாம் ஒரே ஆண்டில் சேர்ந்துவர, லட்சக்கணக்கானோர் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கினர். அப்போது அங்கே பெருமளவில் பிரைமர் தயாரித்தவை ஒருசில நிறுவனங்களே. அவற்றுள் ரெமிங்டன் அந்த ஜூலையில் திவாலானது. வெடிக்கும் பொருளைக் கையாளும் ஆலையை அவசரத்துக்கு விரிவாக்கவும் முடியாது. 20 சென்ட் அளவில் விற்ற 9 மி.மீ. தோட்டாவின் விலை ஓராண்டுக்குள் மும்மடங்கைத் தாண்டியது. கடைகள் ஆளுக்கு இத்தனை பெட்டி என்று வரம்பு கட்டின. அது நியாயமான ஏற்பாடே; ஏனெனில் தட்டுப்பாட்டைப் பெருக்கியதில் பதுக்கலுக்கும் பங்குண்டு. 2013இல் மலிவான .22 தோட்டா மறைந்தபோதும் இதே கதைதான். கூட்டைச் சேமித்து வீட்டிலேயே மீண்டும் நிரப்புவோருக்கும் பிரைமர் இல்லாமல் கை கட்டுண்டது. பலர் பயிற்சியைக் குறைத்தனர், சிலர் காற்றுத் துப்பாக்கிக்கு மாறினர்.