அணுவின் கணக்கும் பட்டப்படிப்பு மாணவரும்

மும்பை மாதுங்காவிலோ, தில்லி கரோல் பாகிலோ, கொல்கத்தா லேக் மார்க்கெட்டுப் பகுதியிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கல்லூரியில் பௌதிகம் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ அவர்கள் குவாண்டம் இயக்கவியல் என்னும் பாடத்தை எதிர்ப்படுகின்றனர். அதுவரை இடர்ப்பாடின்றிப் படித்து வந்த மாணவரும் இதன்முன் திகைத்து நிற்பதுண்டு. ‘கணக்குப் போட வருகிறது, பொருள்தான் விளங்கவில்லை’ என்பது அவர்கள் கூறும் குறை. பெற்றோரோ, ‘இது நமக்கு எட்டாத விஷயம்’ என்று ஒதுங்கிவிடுகின்றனர். அங்ஙனம் ஒதுங்க வேண்டுவதில்லை. இப்பாடம் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதை அறிந்துகொண்டால், அதன் உட்பொருளை நாமும் ஓரளவு உணரலாம்.

கேள்வி இதுதான்: அணு ஏன் அழியாமல் நிற்கிறது? அணுவின் நடுவே கனமான கரு ஒன்று உண்டென்று 1911-ஆம் ஆண்டில் ரூதர்போர்டு நிறுவினார். அக்கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் உள்ளன. ஆனால் பழைய பௌதிக விதிகளின்படி, வளைந்து சுழலும் எலெக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து சக்தியை இழந்துகொண்டே போக வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு வினாடியில் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்திலேயே அது கருவில் விழுந்துவிட வேண்டும். அப்படியாயின் நாம் அமர்ந்திருக்கும் நாற்காலியும் இருத்தல் இயலாது. நாமும் இருத்தல் இயலாது. நாம் இருக்கின்றோம். ஆதலின் விதிகளிலேதான் குறை இருத்தல் வேண்டும்.

அக்குறையைத் தீர்ப்பதற்கான முதற்படி அதற்கு முன்னரே வைக்கப்பட்டிருந்தது. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் பெர்லின் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஒரு கருத்தை வெளியிட்டார். சூடான பொருள் ஒளியை உமிழும்போது சக்தி நீரோட்டம்போல் தொடர்ந்து செல்வதில்லை. நாணயம்போல் குறித்த அளவுகளாகவே கைமாறுகிறது என்பது அதன் சாரம். அந்த அளவைத் தீர்மானிக்கும் எண்ணே பிளாங்க் மாறிலி. அது மிக மிகச் சிறியது. ஆதலால் அன்றாட வாழ்வில் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும் அது நம்மைவிட்டு விலகியிருக்கவுமில்லை. 2019-ஆம் ஆண்டு முதல், கடைத்தராசில் நாம் காணும் கிலோகிராம் என்ற அளவே இந்த மாறிலியைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது.

1924-இல் பிரான்ஸ் நாட்டு தெ பிராய், எலெக்ட்ரான் போன்ற துகளுக்கும் அலைத்தன்மை உண்டு என்றார். 1926-இல் ஷ்ரோடிங்கர் அந்த அலைக்குரிய சமன்பாட்டை வகுத்தார். மாணவர் தம் பாடத்தின் தொடக்கத்தில் கற்பது இச்சமன்பாட்டையே. முதற்பயிற்சியாக, இரு சுவர்களுக்கிடையே அடைபட்ட ஒரு துகளைக் குறித்துக் கணக்கிடச் சொல்வர். இதனை விளக்க வீணையே போதும். இரு முனைகளிலும் கட்டப்பட்ட தந்தி தன் விருப்பம்போல் எவ்விதமாகவும் அதிர்வதில்லை. முனைகளிரண்டும் அசையாதிருக்க வேண்டுமாதலால், சில குறித்த வகைகளில் மட்டுமே அது நிலைத்து அதிரும். அடைபட்ட எலெக்ட்ரானின் அலையும் அத்தகையதே. ஆகவே அதன் சக்தியும் 1, 4, 9, 16 என்ற விகிதத்தில் சில படிகளை மட்டுமே கொள்ளும். இடைப்பட்ட சக்தி அதற்கு இல்லை. மிகத் தாழ்ந்த படிகூடப் பூஜ்யமன்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, அணு ஏன் அழியவில்லை என்ற வினாவிற்கு வருவோம். எலெக்ட்ரானைக் கருவின் அருகே நெருக்க நெருக்க, அதன் அலை சிறிய இடத்தில் ஒடுங்க வேண்டும். குறுகிய அலைக்கு உந்தம் மிகுதி. உந்தம் மிகுந்தால் இயக்கச் சக்தியும் மிகும். ஒருபுறம் கருவின் ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. மறுபுறம் ஒடுங்குவதற்குரிய சக்திச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இவ்விரண்டும் ஈடாகும் இடத்தில் அணு நிலைகொள்கிறது. 1927-இல் ஹைசன்பர்க் கூறிய நிச்சயமின்மைத் தத்துவத்தின் பயன் இது. ஹைட்ரஜன் அணுவின் எலெக்ட்ரானை விடுவிக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி தேவை என்பதைச் சமன்பாடே தந்துவிடுகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும் எலெக்ட்ரான் 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளியை உமிழும் என்பதையும் அது முன்கூட்டியே சொல்லுகிறது. விண்மீன்களின் ஒளியிலும் அதே செங்கோட்டைக் காண்கின்றோம்.

அப்படியாயின் அலை என்பது எதனுடைய அலை? மாணவர் பெரிதும் இடறி விழும் இடம் இதுவே. 1926-இல் மாக்ஸ் பார்ன் இதற்கு விடை கூறினார். அலையின் வீச்சை வர்க்கப்படுத்தினால், துகளை ஓரிடத்தில் காண்பதற்குரிய நிகழ்தகவு கிடைக்கும் என்பதே அவ்விடை. 1989-ஆம் ஆண்டில் ஜப்பானில் டோனோமுராவும் அவருடைய குழுவினரும் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரு வழிகள் கொண்ட ஓர் அமைப்பின் ஊடே செலுத்திக் காட்டினர். ஒவ்வோர் எலெக்ட்ரானும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுந்தது. முதலில் புள்ளிகள் தாறுமாறாகத் தோன்றின. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின்னரோ, அலைகளுக்கே உரிய ஒளிவரியும் இருள்வரியும் மாறிமாறித் தெளிவாக அமைந்தன.

இதிலிருந்து, ‘விஞ்ஞானமே எதுவும் நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டது’ எனச் சிலர் முடிவு கட்டுகின்றனர். இது பிழை. அடுத்த எலெக்ட்ரான் எங்கே விழும் என்பதைச் சொல்ல இயலாது. ஆனால் எந்த இடத்தில் எத்தனை பங்கு விழும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம். அவ்வளவு உறுதியான கணக்கின்மீது நின்றுதான் டிரான்சிஸ்டரும் லேசரும் செய்யப்பட்டன. நம் கையிலுள்ள தொலைபேசியும் அதன்மீதே நிற்கிறது. அலையின் உண்மைப் பொருள் யாது என்பதுபற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆதலின் பொருள் விளங்கவில்லையே என வருந்தும் மாணவர் தம்மை மந்தமதியினர் என்று எண்ணிக்கொள்ள வேண்டுவதில்லை. கேட்கத்தக்க கேள்வியையே அவர் கேட்கிறார்.

நம் நாட்டிற்கும் இக்கதையில் இடம் உண்டு. டாக்கா பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திர நாத போஸ், பிளாங்கின் விதிக்கு அந்நாளில் கூறப்பட்டுவந்த நிரூபணங்களால் மனநிறைவு பெறவில்லை. அவர் கண்ட புதுமையை இரு நாணயங்களைக் கொண்டு விளக்கலாம். வேறுபடுத்தி அறியக்கூடிய இரு நாணயங்களை இரு பெட்டிகளில் இட நான்கு வழிகள் உண்டு. அவற்றுள் இரண்டில் மட்டுமே இரண்டும் ஒரே பெட்டியில் சேரும். ஒளித்துகள்களோ ஒன்றிலிருந்து ஒன்றை வேறுபடுத்த முடியாதவை. ஆதலின் வழிகள் மூன்றே. அவற்றுள் இரண்டில் இரண்டும் ஒன்றாய்ச் சேரும். எண்ணும் முறையை இவ்வாறு மாற்றியதும் பிளாங்கின் விதி தானே வந்தது. 1924-இல் அவர் தம் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்ப, ஐன்ஸ்டீன் அதனைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். போசான் என்ற சொல் இவர் பெயரால் அமைந்ததே.

வேலையின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்க்கு மற்றொரு செய்தியும் உவப்பளிக்கும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், 1907-இல் நிதித்துறை அலுவலராகவே கல்கத்தா சென்றார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதை பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கூடத்தில் கழித்தார். பின்னர் 1928-இல் அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் அங்கே கண்ட விளைவு, ஒளி மூலக்கூறுகளோடு சக்தியைக் குறித்த அளவுகளிலேயே கொடுத்து வாங்குகிறது என்பதைக் கண்கூடாகக் காட்டிற்று.

போஸ் விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். அதற்கென 1948-இல் வங்காளத்தில் ஒரு கழகமும் கண்டார். வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் இப்பாடத்தை ஆங்கிலத்தில்தான் கற்பர். தேர்வும் அம்மொழியில்தான் எழுதுவர். ஆயினும் மாலையில் வீடு திரும்பிய பின், ‘இன்று என்ன படித்தாய்? தமிழில் சொல், கேட்போம்’ என்று நாம் கேட்கலாம். கலப்பெண்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நமக்குத் தெரியாமற் போகலாம். எதை அளந்தார்கள், சமன்பாடு என்ன சொல்லிற்று, அளந்தது அதனோடு ஒத்ததா என்ற மூன்று கேள்விகளைக் கேட்க அவை வேண்டுவதில்லை. அம்மூன்றிற்கும் தாய்மொழியில் விடை கூற முயலும் பிள்ளை, தனக்கு விளங்கியது எது, விளங்காதது எது என்பதைத் தானே கண்டுகொள்ளும். விளங்காததை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுத் தெளியலாம்.