எண் சொல்லாததைக் கோடு சொல்லும்

நோயாளியின் உடல் வெப்பம் 101 டிகிரி. அது ஏறுகிறதா, இறங்குகிறதா? இந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. அதற்காகவே மருத்துவமனையில் வெப்பநிலையை வரைபடமாகக் குறித்துவைக்கிறார்கள்.

தொழிற்சாலையிலும் இதே முறைதான். வெப்பம், அழுத்தம், திரவ மட்டம் ஆகியவற்றைக் கருவிகள் ஓயாமல் அளக்கின்றன. முன்பெல்லாம், நகரும் காகிதத்தில் ஒரு பேனா முனை கோடு வரைந்தது. இன்று கணிப்பொறி ஒவ்வோர் அளவையும் நேரத்தோடு சேமித்து, திரையில் கோடாகக் காட்டுகிறது. அதைப் பின்னோக்கி நகர்த்தினால் நேற்று நடந்ததைக் காணலாம். ஒரு நாளைச் சுருக்கியும் ஒரு நிமிடத்தை விரித்தும் பார்க்கலாம். பல கோடுகளை ஒரே கால அச்சின் மேல் வைத்து ஒப்பிடலாம்.

இந்த ஒப்பீடு உயிர் காக்கக்கூடியது. 2005 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், ஒரு கோபுரத்துக்குள் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் திரவம் பாய்ந்தது, வெளியேறவில்லை. மட்டமானியோ, 10 அடிக்கும் கீழே மட்டம் குறைந்துவருவதாகக் காட்டியது. உண்மையில் மட்டம் 150 அடியைத் தாண்டியிருந்தது! உட்புகும் அளவும் வெளியேறும் அளவும் வெவ்வேறு திரைகளில் இருந்தன. கோபுரம் நிரம்பி வழிந்தது. ஆவி தீப்பற்றி வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர்.

அந்த இரண்டு கோடுகளும் அருகருகே இருந்திருந்தால், "உள்ளே போனது எங்கே?" என்ற கேள்வி எழுந்திருக்கும் அல்லவா?

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு தொட்டியில் நிமிடத்துக்கு 20 லிட்டர் புகுகிறது, 5 லிட்டர் வெளியேறுகிறது. மட்டம் இறங்குவதாகக் கருவி காட்டுகிறது. நீங்கள் எதையெல்லாம் சந்தேகிப்பீர்கள்?