பட்டை மேலேயா, கீழேயா?

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு சிற்றூரில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாக வாங்கிய வீட்டில் குளிருக்கு இரும்பு அடுப்பு இருக்கிறது. ஏப்ரலில் ஒரு லொறி பிர்ச் விறகு இறக்கி, சுவரோரமாக அடுக்கினாராம். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் மேல்வரிசையை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பிளவையும் பட்டைப் பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அம்மா வந்து, பட்டை கீழேதான் இருக்க வேண்டும் என்றாராம். “யார் சொல்வது சரி? ஊரிலே அம்மா விறகு அடுக்கினதைப் பார்த்திருக்கிறேன். இப்படியொரு கேள்வி அங்கே வந்ததேயில்லை” என்று கேட்கிறார்.

சகோதரி, இது உங்கள் தெருவின் வழக்கு மட்டும் அல்ல, நாட்டு வழக்கு. லார்ஸ் மிட்டிங் என்ற நார்வே எழுத்தாளர் விறகைப் பற்றி 2011இல் ‘ஹெல் வேட்’ என்றொரு நூல் எழுதினார். அது அங்கே பெருவாரியாக விற்றது. அதை ஒட்டி 2013 பிப்ரவரியில் நார்வே அரசுத் தொலைக்காட்சி ஒரே இரவில் 12 மணி நேர விறகு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. முதல் 4 மணி நேரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. மீதி 8 மணி நேரமும் அடுப்பில் எரியும் தீ மட்டுமே. நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்திருக்கிறார். நிகழ்ச்சி நடக்கும்போதே சுமார் 60 பேர் குறைகூறிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். பட்டை மேலே இருக்கிறதே என்று பாதிப் பேர். கீழே இருக்கிறதே என்று மீதிப் பேர்.

‘ஹெல் வேட்’ என்றால் உளுக்காத, முழுமையான கட்டை. நம்பத் தகுந்த, உறுதியான மனிதரையும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நாமும் எண்பது வயதில் வயலுக்குப் போகிறவரை வைரம் பாய்ந்த கட்டை என்கிறோம். மரத்தோடு நெடுங்காலம் வாழ்ந்த இரண்டு மக்களுக்கும் மனித உறுதியைச் சொல்ல ஒரே பொருள் கிடைத்திருக்கிறது.

மரம் ஏன் எரிகிறது என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். பச்சை மரம் ஏன் எரிய மறுக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வெட்டியவுடன் எடை போட்டால் பிர்ச் மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவு தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விறகு. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் எல்லாம் போய்விடுகிறது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கணக்கிட்டுப் பார்த்தால் அப்படியில்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள விறகில்கூட, அதை ஆவியாக்க மரத்தின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு போதும். பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. விறகின் எடையில் பெரும்பகுதி, சூடேறியதும் வாயுவாக வெளியேறி, அந்த வாயுதான் சுடராக எரிகிறது. அதற்கு அடுப்பினுள் கடும் வெப்பம் வேண்டும். தண்ணீர் அடுப்பைக் குளிர்விப்பதால் வாயு எரியாமலே புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. புகை என்று நாம் சொல்வது அந்த எரியாத விறகைத்தான். அதில் ஒரு பகுதி புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிந்து, பின்னொரு நாள் அங்கேயே தீப்பிடிக்கவும் செய்யும்.

எந்த மரம் நல்ல விறகு என்று பலர் கேட்பார்கள். நன்றாகக் காய்ந்த பின் ஒரு கிலோ எந்த மரமானாலும் தரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது அடர்த்தி. நார்வேயின் பிர்ச் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 500 கிலோ, ஸ்ப்ரூஸ் 380. அதே அளவு அடுப்பில் பிர்ச் அதிக நேரம் நின்று எரியும். எங்கள் கொல்லையில் புயலுக்கு விழுந்த முருங்கையை அம்மா அடுப்புக்குச் சேர்க்கவே மாட்டார். கை நிறைய அள்ளி வைத்தாலும் உலை கொதிப்பதற்குள் சாம்பலாகிவிடும். ஒரே ஒரு கருவேலங் கட்டை போதும், சோறு வெந்து குழம்பும் கொதித்துவிடும்.

நார்வேயில் விறகு வேலைக்கு ஒரு நாள்காட்டி உண்டு. குளிர்காலக் கடைசியில், துளிர் விடுமுன், மரத்தினுள் நீர் ஏறத் தொடங்குமுன் வெட்டுவார்கள். உறைந்த கட்டை பிளக்க எளிது என்பதால் உறைபனி இருக்கும்போதே பிளப்பதும் உண்டு. வசந்தத்தில் அடுக்கிவிட்டால் கோடைக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். தாமதமாகி, இலை விட்ட பிறகு வெட்ட நேர்ந்தால், கிளையும் இலையுமாக அப்படியே சில வாரம் கிடக்க விடுவார்கள். மரம் விழுந்தது இலைகளுக்கு உடனே தெரிவதில்லை. அவை தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருந்து, வாடும்போது அடிமரத்தையும் ஓரளவு உலர்த்திவிட்டுத்தான் ஓய்கின்றன.

பிளப்பதற்கு மரம் வெட்டும் கோடாலி உதவாது. அதன் வாய் மெல்லியது. நாரைக் குறுக்கே அறுக்கப் பிறந்தது. பிளக்கும் கோடாலி ஆப்புப் போலத் தடித்திருக்கும். அது நாரை அறுப்பதில்லை, விலக்குகிறது. பனைமட்டையில் நார் கிழித்தவர்களுக்கு இந்த வேறுபாடு கைக்கே தெரியும். எங்கே அடிப்பது என்பதை மரமே காட்டும். உலரும்போது மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குக் கீற்றுகள் விழும். அந்தக் கீற்றின் மேல், கணு இல்லாத பக்கமாகப் பார்த்து அடித்தால் பாதி உழைப்பு மிச்சம். ஊரில் எங்கள் வீட்டுக்கு விறகு பிளக்க வந்த பெரியவர், முதல் அடிக்கு முன் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அவர் பார்த்தது இதைத்தான் என்று இப்போது விளங்குகிறது.

இனி என் மனம் கவர்ந்த பட்டைக்கு வருகிறேன்.

பிர்ச் மரத்தின் பட்டை காகிதம்போல வெண்மையாக உரியும். ‘பெட்டுலின்’ என்ற பொருள் அந்த வெண்மையைத் தருகிறது. தக்கையில் உள்ள அதே மெழுகுப் பொருளும் அந்தப் பட்டையில் நிறைந்திருப்பதால் தண்ணீர் அதை ஊடுருவாது. நார்வேயின் பழைய வீடுகளில் கூரை மேல் புல்லும் மண்ணும் இருக்கும். அந்த மண்ணின் ஈரம் வீட்டுக்குள் இறங்காமல் காத்தது, இடையில் பல அடுக்காகப் பரப்பிய பிர்ச் பட்டை. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் அதே பட்டையால் படகு கட்டினார்கள். மழையில் நனைந்த பட்டையையும் துடைத்துவிட்டுக் கொளுத்தலாம். எண்ணெய்த் திரிபோலப் பற்றிக்கொள்ளும்.

வெளித்தண்ணீரை உள்ளே விடாத பட்டை, உள்தண்ணீரையும் வெளியே விடாது. பிர்ச் காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தைப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று முழு மரமாகவே தெரியும். காலால் அழுத்தினால் அமுங்கிவிடும். உள்ளே மரம் முழுதும் உளுத்துப் பொடியாகி, பட்டை மட்டும் குழாயாக நிற்கும். ஆயுள் முழுதும் மரத்தைக் காத்த கவசமே, மரம் விழுந்த பின் அதை மக்கச் செய்கிறது. ஓக் கட்டையைச் சில காலம் உருண்டையாகவே போட்டு வைக்கலாம். பிர்ச்சை அப்படி வைக்கக் கூடாது. பிளக்க வேண்டும், பிளக்க முடியாத சிறு கட்டையானால் பட்டையை நீளவாக்கில் சீவிவிட வேண்டும்.

பட்டை வழக்குக்கும் இதுவே அடிப்படை. மேலே என்பவர்களுக்குப் பட்டை ஓடு: மழை வழிந்து போய்விடும். கீழே என்பவர்களுக்குப் பட்டை மூடி: பிளந்த முகம் வானத்தைப் பார்த்தால் ஈரம் தடையின்றி மேலே போகும். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மரம் உயிரோடிருந்தபோது தண்ணீரை வேரிலிருந்து உச்சிக்கு ஏற்றியவை நெடுக ஓடும் நுண்குழாய்கள். ஈரம் அந்தக் குழாய்கள் வழியே போகும் வேகம், குறுக்கே போகும் வேகத்தைப் போலப் பல மடங்கு. ஆகவே விறகு பெரும்பாலும் இரண்டு முனைகள் வழியாகத்தான் உலர்கிறது. கட்டையைக் குட்டையாக அறுப்பது அடுப்பு வாய்க்காக மட்டும் இல்லை. ஈரம் நடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பதற்காகவும்தான். பட்டை எந்தப் பக்கம் என்பதைவிட, வெட்டு முகங்களில் காற்று படுகிறதா என்பதே பெரிய கேள்வி. தரையில் இரண்டு மரச் சட்டங்களைப் போட்டு அவற்றின்மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கங்களைத் தார்ப்பாயால் போர்த்தினால் அந்த ஈரத்தை அங்கேயே பூட்டி வைத்ததாகிவிடும்.

சொல்லாமல் விட முடியாத ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. நார்வேயில் காற்றில் கலக்கும் நுண்துகள்களில் பெரும்பங்கு வீட்டு விறகடுப்புகளுடையது. அதனால் 1998 முதல், எரியாத வாயுவுக்கு இரண்டாம் முறை காற்று கொடுத்து எரிக்கும் புதுவகை அடுப்புகளையே அங்கே விற்க முடியும். தீயை மேலிருந்து மூட்டுங்கள், வாயு சுடர் வழியாகவே மேலேறிப் போகும் என்று மக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். விறகை நேசிக்கும் நாடு அதன் புகைக்கும் பொறுப்பேற்கிறது. நம் ஊரில் விறகை எடை போட்டு விற்றார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெருமுனை விறகுக்கடைத் தராசு, விறகோடு தண்ணீரையும் சேர்த்தே நிறுத்தது. அந்தத் தண்ணீருக்கும் காசு கொடுத்து வாங்கி வந்து, ஊதுகுழலோடு கண் எரியக் குனிந்திருந்தவர் அம்மா. நார்வேயில் சாக்கை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். ஈர விறகானாலும் அளவு கூடாது. அளக்கும் முறை ஒன்று மாறியிருந்தால் ஒரு தலைமுறைப் பெண்களின் நுரையீரலுக்குள் போன புகை குறைந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு இன்றும் விறகு எரிகிறது. நேற்று வெட்டியதை இன்று எரிக்காதீர்கள். தையில் பிளந்து அடுக்குங்கள்; ஜூன் மழைக்கு முன் வெயிலும் காற்றும் போதிய அளவு கிடைக்கும். மூடிய அறைக்குள் கரிக்கங்கைச் சட்டியில் வைத்துக்கொண்டு படுக்கவே படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குகிறவரை எழுப்பாது.

வாசகியாருக்கு என் பதில் இது. மேல்வரிசைக்கு உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வைத்ததே சரி, தகரம் போடும்வரை அதுதான் கூரை. கீழ்வரிசைகளில் எப்படி இருந்தாலும் குறையில்லை. முனைகள் காற்றைப் பார்த்திருந்தால் போதும். செப்டம்பரில் நடுவரிசையிலிருந்து இரண்டு பிளவுகளை உருவி ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ஈரக் கட்டையானால் தொப்பென்று அடங்கும். காய்ந்ததானால் ‘ணங்’கென்று மணிபோல ஒலிக்கும். என் அம்மா விறகுக்கடையில் இரண்டு கட்டைகளைத் தட்டிக் கேட்ட பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். உங்கள் அம்மாவும் தட்டிப் பார்த்திருப்பார், நினைவுபடுத்திப் பாருங்கள்.